குடிக்காதவர் போலீஸ் ஊதச் சொன்னால் மறுக்கலாமா?

கல்யாண வீட்டிலிருந்து இரவில் காரைக்குடிக்குத் திரும்பும்போது வழியில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள், நான் குடிக்கவே இல்லை, மறுத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மறுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 203-ன்படி சீருடையில் இருக்கும் போலீஸ்காரர், ஓட்டுபவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் ஊதச் சொல்லலாம். அந்தக் காரணம் இருந்து நீங்கள் மறுத்தால், வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். குடிக்காதவர் மறுத்து வீணாக ஸ்டேஷன் வரை போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் வண்டி ஓட்டுவது மட்டுமே சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. வாடை, தள்ளாட்டம், குழறும் பேச்சு என்று ஏதாவது இருக்க வேண்டும். எதனால் சந்தேகம் என்று மரியாதையாகக் கேளுங்கள். குழாயைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் சற்றுமுன் வாய் கொப்பளித்திருந்தால் அதையும் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். வாயில் தங்கிய ஆல்கஹாலே கருவியை ஏமாற்றும்.

வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். தாண்டினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அப்புறம், குடித்து ஓட்டியதாகக் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 202. இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.