வாசகர் கேள்வி பதில்: படை வாழ்க்கை முடித்துத் திருமலைக்கு வந்தவர்கள்

கேள்வி: அக்கா, என் கணவர் லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில் பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்தவர். வாகனம் திருத்தும் பிரிவில் வேலை. கலியாணம் முடித்து நான் போய் இறங்கியது ஜெர்மனியில் பாடர்போன் முகாமில், இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். 2019இல் படையை இங்கிலாந்துக்கு எடுத்தார்கள், பிறகு சைப்பிரஸில் டெக்கேலியா. அவர் 22 வருடம் முடித்து விலகியதும் உப்புவெளியில் அம்மாவின் வீட்டுக்கு வந்துவிட்டோம். வரும்போது இருந்த சந்தோசம் இப்போது இல்லை. மகனுக்கு 13 வயது, "எப்ப அம்மா வீட்ட போறம்" என்று கேட்கிறான். மகள் பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதில்லை. இவர் விடிய ஐந்து மணிக்கு எழும்பி வளவைக் கூட்டுவார், அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. ஆமியில் இருந்தவர் என்று வெளியில் சொல்லவும் எனக்குப் பயம், எங்கள் ஒழுங்கையிலேயே சண்டைக் காலத்தில் மகனைப் பறிகொடுத்த வீடு இருக்கிறது. நாங்கள் வந்தது பிழையா? (பெயர் வேண்டாம், உப்புவெளி)

பதில்: பிழையில்லை, தங்கச்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன். பாடர்போனில் போய் இறங்கியபோது அந்த இடம் உங்களுக்கு எத்தனை நாளில் பிடிபட்டது? ஒவ்வொரு இடமாற்றத்திலும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும் என்று முகாமில் எல்லோருக்கும் தெரியும், பிள்ளை அழுதாலும் கணவன் எரிந்து விழுந்தாலும் புது இடம்தானே என்று பொறுத்துக்கொள்வார்கள். சொந்த ஊர் என்றவுடன் அந்தப் பொறுமையை நீங்கள் உங்களுக்கே கொடுக்கவில்லை, இறங்கிய நாளிலிருந்தே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துவிட்டீர்கள். பாடர்போன், டெக்கேலியா போல உப்புவெளியையும் இன்னுமொரு இடமாற்றமாக எடுங்கள். அங்கேயாவது வீட்டுத் திறப்பு, பள்ளிக்கூடம், டொக்டர் எல்லாம் ஆயத்தமாக இருந்தன, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவனும் உங்கள் கணவனைப் போலவே எங்கோ போயிருப்பார், நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணை. இங்கே அது எதுவும் தானாக வராது. அந்தச் சிநேகிதிகளை விட்டு வந்த கவலை உங்களுக்கும் இருக்கும், நீங்கள் அதை எழுதவில்லை.

மகனிடம் "இதுதான்டா உன்ர வீடு" என்று அதட்டாதீர்கள். திருமலை உங்களுடைய ஊர், அவனுக்கு இது லீவுக்கு வந்து போன அம்மம்மா வீடு. அவன் தேடுவது சிநேகிதர்களை, அவர்களோடு போனில் கதைக்க விடுங்கள். பின்னேரத்தில் ஏகாம்பரம் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள், பந்து விளையாடும் பிள்ளைகளுக்குப் பாஷை கொஞ்சம் போதும். மகளை ஊமை மாதிரி இருக்கிறாள் என்று யாரும் அவள் காதுபடச் சொல்ல விடாதீர்கள், அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படிப்பைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் சாதாரண தரத்துக்கான பாடங்கள் தரம் 10இல் தொடங்கிவிடும். தமிழ் மொழிமூலமா, லண்டன் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் சர்வதேசப் பாடசாலையா என்று அவனையும் இருத்திவைத்துக் கதையுங்கள். பல்கலைக்கழகத்துக்கு இங்கிலாந்து போகலாம் என்று நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள், பிரித்தானியப் பாஸ்போட் இருந்தால் மட்டும் உள்ளூர்க் கட்டணம் கிடைக்காது, பொதுவாகப் படிப்புத் தொடங்குமுன் மூன்று வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். தகப்பன் படையில் இருந்தவரை வெளிநாட்டில் இருந்த காலத்துக்குச் சலுகை உண்டு, விலகிய பிறகு உப்புவெளியில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் வராது. அடுத்தது குடியுரிமை. பிள்ளைகள் பிறந்தபோது நீங்கள் இலங்கைப் பிரஜையாக இருந்திருந்தால் அவர்களை இலங்கைப் பிரஜைகளாகப் பதியலாம், ஒரு வருடத்துக்குள் பதிந்திருக்க வேண்டியது, பிந்தினாலும் காரணம் காட்டி விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

இனி உங்கள் கணவர். 22 வருடம் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று வேறொருவர் சொன்ன மனிதர், ஒருநாள் காலையில் அது நின்றுபோனால் தடுமாறத்தான் செய்வார். "இனி என்ன செய்யப் போறீங்கள்" என்று அவரைக் கேட்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், "கொஞ்சம் இருக்கட்டும்" என்று. விலகும்போது கிடைத்த மொத்தக் காசை ஒரு வருடத்துக்குத் தொடவே வேண்டாம். நிலாவெளியில் நாலு அறை கட்டுவோம், சேர்ந்து படகு எடுப்போம் என்று சொந்தக்காரர்கள் வருவார்கள், நல்ல மனதோடுதான் வருவார்கள், ஆனால் இந்தக் கரையில் வெள்ளைக்காரர் வருகிற சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான், மாரியில் அறைகள் பூட்டிக் கிடக்கும். அவருடைய கை இயந்திரம் தெரிந்த கை. படகு எஞ்சினும் பஸ்ஸும் உழவு மெசினும் ஓடுகிற மாவட்டம் இது, ஒரு கராஜில் வாரத்தில் இரண்டு நாள் சும்மா போய் நின்றாலே போதும், வேலை அவரைத் தேடி வரும். விலகி இரண்டு வருடம் வரைக்கும் வேலை தேட உதவும் பிரிவு ஒன்று அவருடைய படையிலேயே இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். கோயில் வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, நித்திரை இல்லாமல் நடப்பது, குடி என்று ஏதாவது கண்டால் மறைக்காமல் வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், மனநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

ஒழுங்கைக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், உப்புவெளியில் எது மறைந்திருக்கிறது? 1957 வரை எங்கள் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் கடற்படைதான் இருந்தது, டொக்யாட்டில் வேலை செய்த தாத்தாக்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர், நிலாவெளி வீதியில் வெள்ளைக்காரரின் யுத்த மயானம் இன்றைக்கும் இருக்கிறது. பிரித்தானியப் படையில் வேலை செய்தவர் என்பதற்காக யாரும் உங்களை ஒதுக்கப் போவதில்லை. ஆனால் மகனைப் பறிகொடுத்த அந்த வீடு வேறு. அங்கே நீங்கள் முதலில் தனியாகப் போங்கள். இன்ன நாட்டு ஆமி, இன்ன வேலை என்று அந்த அம்மாவிடம் நேரே சொல்லுங்கள், அவரது மகனைப் பற்றிக் கேளுங்கள், அவர் சொல்லி முடியும்வரை இருங்கள். முகத்தைத் திருப்பினால் அதையும் தாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் கோபம் உங்கள் கணவர் மேல் வருகிற கோபம் இல்லை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அப்பாவின் சீருடைப் படத்தைப் பார்த்து அவர்கள் பெருமைப்படலாம், அதைப் பறிக்காதீர்கள், ஆனால் கோணேஸ்வரத்துக்குப் போகிற வழியில் கோட்டை வாசலில் நிற்கும் ஆமியைக் கண்டு அம்மம்மா ஏன் பேச்சை நிறுத்துகிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: என் மகனும் பிரித்தானியப் படையில்தான், அந்த நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்துவிட்டார். அடுத்த வருடம் குடும்பத்தோடு வருகிறார். வீட்டை இப்போதே அவர் பெயருக்கு எழுதலாமா? அவருடைய பென்சன் இங்கே வருமா? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், உவர்மலை)

பதில்: ஐயா, அவசரப்பட வேண்டாம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி மாற்றத் தடை இருக்கிறது. தகப்பன் வழியாகப் பிள்ளைக்குப் போவதற்கு விலக்கு இருந்தாலும், மகன் முதலில் இரட்டைப் பிரஜாவுரிமை எடுப்பது நல்லது, எடுத்துவிட்டால் அந்தத் தடையே அவருக்கு இல்லை. பிறகு ஒரு நல்ல நொத்தாரிசிடம் போங்கள். எழுதும்போது நீங்களும் அம்மாவும் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரித்தை உறுதியிலேயே வைத்து எழுதுங்கள். மகன் தங்கமான பிள்ளையாக இருக்கட்டும், அப்படியே எழுதுங்கள். படைப் பென்சன் இங்கே வரும். அந்த நாட்டு அரச முதியோர் பென்சன் மட்டும், இலங்கையில் குடியிருப்பவருக்கு முதல் எடுத்த தொகையிலேயே நின்றுவிடும், வருடாவருடம் கூடாது, மகன் தன் கணக்கை அதற்கேற்பப் போட வேண்டும்.

கேள்வி: என் வகுப்பில் இப்படி வெளிநாட்டு முகாமில் இருந்து வந்த பிள்ளை ஒன்று. தமிழ் கதைத்தால் விளங்குகிறது, எழுத வராது. மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். (ஆசிரியை, திருகோணமலை)

பதில்: ரீச்சர், சிரிப்பதை நீங்கள் முதல் நாளே நிறுத்தியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு தவணைக்கு அந்தப் பிள்ளையிடம் எழுத்தில் புள்ளி பார்க்காதீர்கள், வாயால் கேட்டு வாயால் பதில் வாங்குங்கள். பெரிய வகுப்புப் பிள்ளை என்றாலும் தரம் 2 புத்தகத்தை வெட்கப்படாமல் வீட்டில் வைத்துப் படிக்கத் தாயிடம் கொடுங்கள். கணிதமோ ஆங்கிலமோ அந்தப் பிள்ளைக்கு எது நன்றாக வருகிறதோ அதில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க விடுங்கள், பக்கத்துப் பிள்ளையே பதிலுக்குத் தமிழ் எழுதக் காட்டிக்கொடுக்கும்.