மொழி ஆசிரியரும் வகுப்புத் திரையும்: கேள்வி பதில்

பெங்களூரில் மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அது தொடர்பாக வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வைத்திருக்கிறோம். கணக்கு டீச்சர் பயன்படுத்துகிறார், மொழி டீச்சர்கள் தொடுவதே இல்லை. வயதா, பயமா?

இரண்டும் இல்லை. வயதைச் சொல்வதை முதலில் விடுங்கள், அதே டீச்சர்தான் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிப் பிள்ளைகளின் வாசிப்பைத் திருத்துகிறார். அலுவலகக் கணினிகளை வைத்து ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் எழுதியது இங்கேயும் பொருந்தும்: ஒரு கருவி சுலபமா என்பதைவிட, அதனால் என் வேலைக்குப் பயன் உண்டா என்பதைத்தான் மனிதர்கள் அதிகம் பார்க்கிறார்கள். கணக்கில் முக்கோணத்தைத் திரையில் திருப்பிக் காட்டினால் பயன் அங்கேயே தெரிந்துவிடுகிறது. மொழி வகுப்பில் பிள்ளை வாயைத் திறக்க வேண்டும், வீடியோ ஓடினால் வகுப்பே வாயை மூடிக்கொள்கிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர் போர்டை அணைக்கிறார். பணம் கொடுத்தால் போர்டு வரும், நம்பிக்கை வராது. பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து அவனுக்கே போட்டுக்காட்டச் சொல்லுங்கள். ழகரம் ளகரமாகும் இடம் அவன் காதிலேயே விழும். ஒரு பருவத்துக்கு இது போதும்.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): தமிழுக்கு எந்த ஆப் நல்லது?

வயது என்ன, வாசிக்கவா பேசவா? அதைச் சொல்லாமல் ஆப் தேடாதீர்கள். பாடங்கள்தான் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் தொடங்குங்கள், 2001 முதல் இயங்குகிறது.

கேள்வி (ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியை): பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கிறார்கள். விடலாமா?

வேண்டாம் அம்மா. எங்கே போனாலும் இதைத்தான் சொல்கிறேன். பலமா பழமா என்று யோசிக்க வேண்டிய இடத்தில் பிள்ளை பட்டியலில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறது. தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள்.

மறுப்பு (அல்சூர்): இது பிடிவாதம் சார். எழுதவே எழுதாத பிள்ளை இப்படியாவது எழுதுகிறதே?

பெரியவர்கள் எப்படி வேண்டுமானாலும் தட்டட்டும், நான் கேட்பது எழுத்து படியும் வயதுப் பிள்ளைகளுக்காக. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99இல் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ‘க’வை இருமுறை தட்டினால் முதல் ‘க’வுக்குப் புள்ளி தானே விழுகிறது. உயிரும் மெய்யும் சேர்வதைப் பிள்ளையின் விரல் கற்றுக்கொள்கிறது. ரோமன் எழுத்தில் தட்டினால் அந்தப் பாடம் நடப்பதே இல்லை.

இன்னொருவர்: இரண்டும் எதற்கு, பேசினாலே போன் எழுதிவிடுகிறதே?

உச்சரிப்புப் பயிற்சிக்கு நல்லது. எழுத்துப் பயிற்சி ஆகாது.

கேள்வி: யுகேஜி பிள்ளைக்கு எந்த ஆப்?

மேலே பாருங்கள். யுகேஜிக்குக் கதை சொல்லுங்கள், ஆப் வேண்டாம்.

கேள்வி: சாட்ஜிபிடியில் கட்டுரை எழுதி வருகிறார்கள்.

வகுப்பிலேயே எழுத வைத்து, எழுதியதைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள்.

கேள்வி (அல்சூர், மறுபடியும்): சரி சார், போனில் தமிழ்99 எங்கே இருக்கிறது?

ஐபோனில் விசைப்பலகை சேர்க்கும் இடத்திலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற விசைப்பலகை ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் பிள்ளையின் பெயரையும் வீட்டில் இருப்பவர்கள் பெயரையும் மட்டும் தட்டச் சொல்லுங்கள்.