மேசைக்கு அடியில் வேறு யாருடைய பெயரோ இருக்கிறது: நகலா, அசலா?

நியூஜெர்ஸியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: ‘டெலவர் ஆற்றை ஒட்டிய ஊரில் பழைய வீடு வாங்கினோம். விற்ற அம்மாள் தன் சாப்பாட்டு மேசையை எங்களுக்கே விட்டுப் போய்விட்டார். வால்நட் பலகை, ஓரத்தை அறுக்காமல் மரத்தின் வளைவு அப்படியே இருக்கிறது. நகாஷிமா செய்ததாக இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் அடியில் கறுப்பு மையில் வேறு ஏதோ குடும்பப் பெயர் எழுதியிருக்கிறது. பார்க்க வந்த வியாபாரி, கையெழுத்து இல்லாததால் நகல்தான், 600 டாலர் தருகிறேன், இன்றே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மேலே பாலிஷ் போட்டு விற்றால் கூடக் கிடைக்குமா?’

முதலில் இரண்டு ‘வேண்டாம்’. விற்க வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம்.

அந்த வேற்றுப் பெயர்தான் உங்கள் மேசையைப் பற்றிய நல்ல செய்தி. அமெரிக்காவின் பெயர்பெற்ற மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் சாமான்களில் தன் பெயரை எழுதவில்லை. யார் கேட்டுச் செய்தாரோ அந்த வாடிக்கையாளரின் பெயரைத்தான் அடியில் எழுதினார்கள். இந்தப் பலகை இன்னாருக்கு என்று பட்டறையில் தெரிய வேண்டுமே. அவர் தன் கையெழுத்தைப் போடுவது பிற்காலத்தில்தான் வழக்கமானது. இது பழம்பொருள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வியாபாரிக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரியாதவர் ‘இன்றே’ என்று அவசரப்பட மாட்டார்.

பெயர் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. கறுப்பு மை யாருக்கும் கிடைக்கும். நகாஷிமா 1905இல் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனில் பிறந்தவர், படித்தது கட்டடக்கலை. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்துக்காக 1930களின் பிற்பகுதியில் நம் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணியில் இருந்தார். அங்கே அரவிந்தர் அவருக்குச் சூட்டிய பெயர் சுந்தரானந்தா. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்துவைத்தபோது, ஐடஹோவின் மினிடோகா முகாமில் ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானியத் தச்சு வேலையைக் கற்றார். 1943இல் ரேமண்டின் முயற்சியால் வெளியே வந்து பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறினார். இதையெல்லாம் சொல்லக் காரணம், அவர் வரைபடம் போட்டு வேலை செய்து பழகியவர். கேட்டுச் செய்த சாமானுக்குப் பின்னால் காகிதம் இருக்க வாய்ப்பு உண்டு. 1990இல் அவர் மறைந்த பிறகும் மகள் மீராவின் பொறுப்பில் பட்டறை நடக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் நியூ ஹோப் பக்கம்தான். மேசையின் நாலு பக்கமும், அடிப்பக்கமும், அந்தப் பெயரும் தெரிய படமெடுத்து அங்கே கேளுங்கள்.

அதற்கு முன் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் உங்கள் வீட்டின் பழைய கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். 1950, 60களின் உரிமையாளர் பெயரும் மேசையடிப் பெயரும் ஒன்றானால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விற்ற அம்மாளிடம் ‘மேசையையும் சேர்த்துக் கொடுத்தேன்’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பழைய ரசீது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், இதில் ஏமாந்தவர்கள் அதிகம். நகாஷிமா வரைந்து கொடுத்து ஆலைகளில் செய்தவையும் உண்டு. நோல் என்ற மரச்சாமான் நிறுவனம் 1940களில் அவருடைய நாற்காலியை விற்றது. கிராண்ட் ராப்பிட்ஸின் விடிகோம்ப் ஆலை 1950களின் பிற்பகுதியில் ஒரு வரிசையே செய்தது. இவை யார் வீட்டுக்குப் போகும் என்று தெரியாமல் செய்தவை. அதனால் அடியில் குடும்பப் பெயர் இருக்காது, ஆலையின் முத்திரையோ ஒட்டுத்தாளோ இருக்கலாம். பெயர் இல்லை என்பதற்காக ஒரு விடிகோம்ப் அலமாரியை நகல் என்று தள்ளுவதும் தவறு, அதைப் பட்டறைச் சாமான் என்று பட்டறை விலைக்கு வாங்குவதும் தவறு. இரண்டும் அவர் வடிவமைப்புதான், ஆனால் விலை வேறு. உங்கள் மேசையில் பெயர் இருப்பதால் இந்தக் குழப்பம் உங்களுக்கு இல்லை.

விரிசலின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் மரத்துண்டு பதித்திருந்தால் அது அசல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்று ஊரெல்லாம் அதைப் பதிக்கிறார்கள், விரிசலே இல்லாத பலகையிலும்கூட!

பாலிஷ் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். எண்ணெய் ஊறிய பழைய வால்நட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பாலியூரித்தேன் பூசிப் பளபளவென்று கொண்டுவருவார்கள். அடியையும் ‘சுத்தம்’ செய்து தருவார்கள். பெயர் போய்விடும், அதோடு சாட்சியும் போய்விடும். அப்படிச் சுத்தம் செய்யப்பட்ட மேசைகள் என் பட்டறைக்கே வந்திருக்கின்றன. திரும்ப எழுத யாராலும் முடியாது.

விலை மதிப்பீட்டுக்குத் தனியாக ஒருவரைப் பிடியுங்கள். நீங்கள் வாங்கிய வீட்டுக்கு விலை மதிப்பவருக்கு மாநில உரிமம் வேண்டும். அதே வீட்டுக்குள் கிடக்கும் மேசைக்கு விலை சொல்ல எந்த உரிமமும் வேண்டாம்! இத்தனை காலமாகியும் இதை யாரும் சரிசெய்யவில்லை. அதனால் காவல் நீங்கள்தான். மதிப்பிடுபவரே ‘நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்றால் அனுப்பிவிடுங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் கூலி என்று கேட்டாலும் அனுப்பிவிடுங்கள், அவர்கள் தொழில்நெறியே அதைத் தடுக்கிறது. மணிக்கணக்கிலோ மொத்தமாகவோ கூலி பேசி, எழுத்தில் அறிக்கை தருபவர் போதும். ஏலத்துக்கு விடுவதானால், விற்பவரிடம் எவ்வளவு பிடிப்பார்கள், படமெடுக்க, ஏற்றியிறக்க, காப்பீட்டுக்கு எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பட்டியலில் ‘நகாஷிமா’ என்று போடுவார்களா, ‘நகாஷிமா செய்ததாகக் கருதப்படுவது’ என்று போடுவார்களா என்றும் கேளுங்கள். அந்த ஒரு சொல்லில் விலை பாதாளத்துக்குப் போகும். பட்டறையில் செய்த பெரிய மேசைகள் ஏலத்தில் பல்லாயிரம் டாலருக்குப் போகின்றன.

அதுவரை மேசையில் சாப்பிடுங்கள், அதற்காகத்தான் செய்தார். ஈரத்தை உடனே துடையுங்கள், சூடான பாத்திரத்துக்கு அடியில் ஏதாவது வையுங்கள். வியாபாரி மறுபடி அழைத்தால், விற்பனைக்கு இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். பெயரைப் பற்றி அவரிடம் வாய் திறக்க வேண்டாம்.