டிராகனை 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? மிகுபுனைவு எழுதுவோருக்கான கேள்வி பதில்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மந்திரக்கோல், வாள்சண்டை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் உறவுகளைப் பற்றியே கேட்டிருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

பட்டர்வொர்த் வாசகி: என் நாயகி டிராகனிடம் பேசும்போது 'நீ' என்பாளா, 'நீங்கள்' என்பாளா?

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவள் எப்போது மாறுகிறாள்? கதை அங்கேதான் இருக்கிறது. பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையில் படியேறும்போது "முருகா, நீயே துணை" என்கிறோம். இறங்கி வந்து பூ விற்பவரிடம் "சில்லறை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறோம். தெய்வத்துக்கு ஒருமை, பூக்காரருக்குப் பன்மை! பயம், பக்தி, உரிமை எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன.

'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' (1954-55) பின்னிணைப்பில் டோல்கீன் ஒரு செய்தி சொல்கிறார். அந்தக் கதையில் வரும் குள்ள மனிதர்களான ஹாபிட்டுகள் ஷயர் என்ற பகுதியில் வாழ்கிறார்கள்; அவர்களுடைய பேச்சில் மரியாதை வடிவம் வழக்கொழிந்துவிட்டது. அதனால் மினாஸ் திரித் நகருக்குப் போன பிப்பின் என்ற ஹாபிட், ஆட்சியாளர் டெனதோர் உட்பட எல்லாரையும் நெருக்கமான வடிவத்திலேயே அழைக்கிறான். இவன் சொந்த நாட்டில் பெரிய இடத்துப் பிள்ளை போலிருக்கிறது என்று ஊரார் எண்ணிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதை முழுதாகக் காட்ட வழியில்லாததால் அவர் பின்னிணைப்பில் விளக்கினார். நமக்கு ஒரு வினைமுற்று போதும்: "சொல்" என்பதற்கும் "சொல்லுங்கள்" என்பதற்கும் நடுவே ஓர் அரசவையே திடுக்கிடும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: புதிய இனம் ஒன்றைப் படைக்கிறேன். அவர்களுடைய உறவுமுறையை எங்கிருந்து தொடங்குவது?

யார் யாரை மணக்கலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலம் 'கசின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை நாம் இரண்டாகப் பிரிக்கிறோம். சித்தப்பா மகள் தங்கை. மாமன் மகள் முறைப்பெண். ஒரே வீட்டு முற்றத்தில் விளையாடும் இரண்டு சிறுமிகளில் ஒருத்தியைத் தொட்டுப் பேசலாம், மற்றவளைக் கண்டால் கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தை உண்டாக்கியது ஒரு சொல்.

பழந்தமிழ் இன்னும் நுட்பமானது. யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. குறுந்தொகையின் 40ஆம் பாடலில் காதலன் இந்தச் சொற்களையே அடுக்கி, நம் பெற்றோர் ஒருவருக்கொருவர் யார் என்று கேட்கிறான். உங்கள் இனத்தின் மொழியில் பொதுவாக 'அம்மா' என்று ஒரு சொல்லே இல்லை, யாருடைய அம்மா என்று சொல்லியே ஆகவேண்டும் என்று வைத்துப் பாருங்கள். அங்கே ஓர் அநாதைக் குழந்தை எப்படிப் பேசும்?

ஜார்ஜ் டவுன் மாணவி: உருமாறும் பாத்திரத்தை 'அவன்' என்பதா, 'அவள்' என்பதா?

மலாயில் அவன், அவள் இரண்டுக்கும் பொதுவாக 'டியா' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தமிழில் 'அவர்' உதவும், ஆனால் மரியாதையும் கூடவே வந்துவிடும். கதையைத் தன்மையில் எழுதுங்கள். 'நான்' என்பதற்குப் பால் கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1969இல் வெளியிட்ட நாவலில் நிலையான பால் இல்லாத மனிதர்களை 'அவன்' என்றே எழுதினார். அது குறைதான் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

ஈப்போவிலிருந்து பினாங்குக்கு வந்தவர்: உண்மைப் பெயரைச் சொன்னால் மந்திரம் பலிக்கும் என்ற கருத்து நம் மண்ணுக்குப் பொருந்துமா?

என் பாட்டி கடைசிவரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. அவருக்கு முருகன் பெயர் என்பதால் சாமியைக்கூட 'மலைமேல் இருக்கிறவர்' என்பார். அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது குருக்கள் "பெயர், நட்சத்திரம்?" என்று கேட்டதும் பாட்டியின் விரல் என் முதுகைத் தொடும். நான் சொல்வேன். அந்த விரலின் அழுத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

லெ குவின் படைத்த எர்த்சீ என்ற கற்பனை உலகில் ஒருவன் தன் உண்மைப் பெயரைச் சொன்னால், தன்னையே ஒப்படைக்கிறான் என்று பொருள். அங்கே பெயர் சொல்வது நம்பிக்கை. எங்கள் வீட்டில் சொல்லாதது பாசம். பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு என்ற கசப்பும் அதில் உண்டு. எழுதும்போது அதை மறைக்காதீர்கள்.

சிரம்பான் வாசகர்: முழு மொழியையே உருவாக்க வேண்டுமா?

வேண்டாம். அழைக்க, சத்தியம் செய்ய, திட்ட, துக்கம் கேட்கப் பத்துச் சொற்கள் போதும்.

கோலாலம்பூர் வாசகி: ஒராங் புனியான் பற்றித் தமிழில் எழுதலாமா?

கட்டாயம் எழுதலாம். காட்டுக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் வாழ்கிறவர்கள், மனிதரை மணப்பதும் உண்டு என்று மலாய் மக்களிடையே வழங்கும் நம்பிக்கை அது. நம் ரப்பர் தோட்டங்கள் காட்டோரத்தில்தானே இருந்தன?

ஒரு குறிப்பு மட்டும். 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு மலாயிலும் 'கித்தா', 'காமி' என்று இருக்கிறது. பால்மரம் வெட்டும் ஒருவருக்கு மருமகளாக வந்த புனியான் பெண், முதல் மாதம் முழுக்க "நாங்கள் இப்படிச் சமைப்பதில்லை" என்கிறாள். மாமியாரை எதுவும் சொல்லி அழைப்பதும் இல்லை. ஒருநாள் மழைக்கு முன்னால் துணி எடுக்க ஓடும்போது, "அத்தை, நாம் நனைந்துவிடுவோம்" என்கிறாள். மாமியார் கொடியருகே அப்படியே நின்றுவிடுகிறார்.

அந்தக் காட்சியை எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.