கஞ்சிக்கோட்டிலிருந்து கொச்சி துறைமுகம் வழியாக அசிட்டோன் ஏற்றுமதி: டிரம்முக்குப் பிரஷர் டெஸ்ட் கட்டாயமா?

கட்டாயம்தான், ஆனால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு டிரம்முக்கும் அல்ல. ஒரு டிசைனுக்கு மூன்று மாதிரிகளை எடுத்து உள்ளே தண்ணீர் அடைத்து அழுத்தம் ஏற்றுவார்கள். இரும்பு டிரம் 5 நிமிடம், பிளாஸ்டிக் டிரம் 30 நிமிடம் கசியாமல் நிற்கவேண்டும்.

எவ்வளவு அழுத்தம் என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். 50 டிகிரியில் திரவத்தின் ஆவியழுத்தத்தை (ஆவி தரும் அழுத்தம், கிலோபாஸ்கல் என்ற அலகில்) 1.75-ஆல் பெருக்கி 100 கிலோபாஸ்கல் கழிப்பது ஒரு வழி. அசிட்டோனின் ஆவியழுத்தம் சுமார் 82, கணக்குப் போட்டால் 43 சொச்சம்தான் வரும், ஆனால் இந்த வழியில் 100-க்குக் கீழே போக விதியில் இடமில்லை. பேக்கிங் குரூப் ஒன்று, அதாவது மிக அபாயமான சரக்கு என்றால் குறைந்தது 250. 50 டிகிரி அதிகம் என்று தோன்றினால், சித்திரை வெயிலில் பாலக்காட்டில் நிறுத்திவைத்த கன்டெய்னருக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? டிரம்மில் பொறித்த ஐ.நா. குறியீட்டில் '1ஏ1/ஒய்1.4/150' போல இருக்கும், அந்த 150தான் கிலோபாஸ்கலில் சோதனை அழுத்தம். அட்டைப்பெட்டிக்குள் சின்ன பாட்டில்களாக அனுப்பினால், அந்த பாட்டில்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம். விமானம் என்றால் கதை வேறு, அங்கே உள் பாட்டிலும் பொதுவாக 95 கிலோபாஸ்கல் தாங்கவேண்டும்.