பெரிய டேபிளில் விட்டதைப் பிடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. சிவதாபுரத்தில் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மொபைலில் போக்கர் சீட்டாட்டம் ஆட ஆரம்பித்தேன். 1–2 ரூபாய் டேபிளில் தொடங்கி 5–10 டேபிள் வரை வந்து, கொஞ்சம் கொஞ்சமாக 60,000 ரூபாய் சேர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை 25–50 டேபிளில் உட்கார்ந்தேன். அன்று ராத்திரியே போட்ட பணம் இரட்டிப்பானது. அடுத்த இரண்டு வாரத்தில் எல்லாம் போய்விட்டது. அந்த ஆப் மூடியபின், நண்பர் ஒருவர் டெலிகிராம் ஏஜென்ட் மூலம் ஒரு வெளிநாட்டு ஆப்பைக் காட்டினார். இப்போது 1,85,000 ரூபாய் கடன். அதில் 80,000 செவ்வாய்ப்பேட்டை வியாபாரி கொடுத்த கூலி அட்வான்ஸ். 45,000 என் மனைவி மகளிர் குழுவில் எடுத்தது. மீதி நண்பர்களிடம் வாங்கியது. மனைவியின் செயினை அடகு வைத்தால் 40,000 கிடைக்கும். சின்ன டேபிளில் இதை மீட்க வருடக்கணக்காகும். 50–100 டேபிளில் இரண்டு நல்ல ராத்திரி போதும். எனக்கு ஆட்டம் தெரியும். மேலே ஏற எத்தனை பை-இன் கையில் இருக்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: தம்பி, செயினை அடகு வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு, நீங்கள் கேட்ட கணக்குக்கு வருகிறேன்.

5–10 டேபிள் என்றால், ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கட்டும் 5, 10 ரூபாய். அதில் பெரியது பிக் பிளைண்ட். அதைப் போல நூறு மடங்கு ஒரு பை-இன், அதாவது ஒரு டேபிளில் உட்காரும்போது கொண்டுபோகும் தொகை. பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ-லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் வகையை ஆடுகிறவர்கள் குறைந்தது 20, 30 பை-இன் தனியாக வைத்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். 60,000 இருந்தபோது 5–10 டேபிளில் உங்களிடம் 60 பை-இன் இருந்தது. அது நல்ல கட்டுப்பாடு. அதே பணத்தோடு 25–50 டேபிளுக்குப் போனதும் 60 என்பது 12 ஆகிவிட்டது. செயின் பணத்தோடு 50–100 டேபிளுக்குப் போனால் வெறும் 4. நாலு பை-இன் ஒரே ராத்திரியில் கரைவது எவ்வளவு கெட்டிக்கார ஆட்டக்காரருக்கும் நடக்கிற விஷயம். நீங்கள் சொல்லும் ‘இரண்டு நல்ல ராத்திரி’யில் கடன் அடைய வேண்டுமானால் 18 பை-இன்னுக்கு மேல் ஜெயித்தாக வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

‘எனக்கு ஆட்டம் தெரியும்’ என்கிறீர்கள். தெரியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் 100 கைக்கு (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) சராசரியாக 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கிற நல்ல ஆட்டக்காரரும், இந்த ஆட்டத்தின் வழக்கமான ஏற்ற இறக்கத்தில், 10,000 கை ஆடி முடிக்கும்போது நஷ்டத்தில் நிற்க நூற்றுக்கு 28, 30 வாய்ப்பு இருக்கிறது. ஒரு டேபிளில் மணிக்கு 80 கை என்று வைத்தால்கூட 10,000 கைக்கு 125 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் ஒழுங்காக ஆடியும் நஷ்டம் வரலாம் என்னும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உங்கள் திறமையைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

உங்களுக்கு உண்மையில் கெடுதல் செய்தது அந்த முதல் ராத்திரி ஜெயிப்புதான் என்று நினைக்கிறேன். ஒரு கையில் ஐயாயிரம் வந்து விழுந்ததைப் பார்த்த கண்ணுக்கு, அப்புறம் 5–10 டேபிளில் கிடைக்கும் முந்நூறு ரூபாய் பணமாகவே தெரியாது. மடக்க வேண்டிய சீட்டையும் ‘போகட்டும்’ என்று ஆடத் தோன்றும். அதில் தோற்றதும் சின்ன டேபிளில் ஆடுகிறவர்களுக்கு ஆட்டமே தெரியவில்லை என்று கோபம் வரும். அடுத்த அரை மணியில் விரல் பெரிய டேபிளைத் தொட்டிருக்கும். 60,000 என்பது 45,000 ஆனதும் பேசாமல் 5–10 டேபிளுக்கே இறங்கியிருந்தால் இன்று இந்தக் கடிதம் வந்திருக்காது. ஏறும்போதே எங்கே இறங்குவது என்று முடிவு செய்துகொள்வதுதான் இந்த ஒழுக்கத்தின் கஷ்டமான பாதி.

கிறிஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், 2000-ஆம் ஆண்டின் போக்கர் உலகத் தொடரில் முதன்மைப் பட்டம் வென்றவர். அவர் 2006-இல் ஃபுல் டில்ட் என்ற இணையதளத்தில், சொந்தப் பணம் எதுவும் போடாமல் இலவசப் போட்டியில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேல் பொறுமையாக ஆடி 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார். கையிருப்பில் நூற்றுக்கு 5-க்கு மேல் ஒரு டேபிளுக்குக் கொண்டுபோகக் கூடாது; ஜெயித்து டேபிளில் இருப்பது நூற்றுக்கு 10-ஐத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. பட்டம் வென்ற மனிதர் சில்லறைப் பணத்துக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அந்தத் தளத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடிதான் என்று பிறகு தெரிந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் தங்கள் பணத்தைக் கண்ணால் பார்க்க 2014 வரை ஆனது. எத்தனை பை-இன் ஒழுக்கம் இருந்தாலும், பணத்தை வைத்திருப்பவன் திருப்பித் தராவிட்டால் அது உங்கள் பணம் இல்லை. உங்கள் டெலிகிராம் ஏஜென்ட் யார், எந்த ஊர், நாளைக்கு அவர் போனை எடுக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. உங்கள் பழைய ஆப் மூடியது அதனால்தான். ஆடுகிறவருக்கு அதில் தண்டனை இல்லை. ஆட்டத்தை நடத்துகிறவருக்கும், பணம் கைமாற வழி செய்கிறவருக்கும் சிறையும் அபராதமும் உண்டு. கமிஷன் தருகிறேன், உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள் என்று ஏஜென்ட் கேட்டால் ஒருக்காலும் கொடுக்காதீர்கள். அவர் யாருடைய கணக்கிலிருந்தோ உங்களுக்குப் பணம் அனுப்பி, அந்தக் கணக்கின் மேல் சைபர் கிரைம் புகார் இருந்தால், உங்கள் கணக்கும் சேர்ந்து முடங்கும்.

இன்னொன்று. பட்டறையில் வெள்ளியை எடை போட்டு வாங்கி, எடை போட்டுத்தான் கொடுக்கிறீர்கள். தரையைக் கூட்டிய தூளைக்கூட எடுத்து வைக்கிறீர்கள், அது வியாபாரியின் சொத்து என்பதால். அவருடைய கூலி அட்வான்ஸும் அப்படித்தானே? போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கி வைத்த சொந்தப் பணத்துக்குத்தான் பேங்க்ரோல் என்று பெயர். உங்களிடம் இன்று அது ஒரு ரூபாய்கூட இல்லை. அதனால் எத்தனை பை-இன் என்ற கேள்விக்கே இப்போது இடமில்லை.

இன்றைக்கே மனைவியிடம் முழுத் தொகையையும் சொல்லுங்கள். பாதி சொல்லி நிறுத்தாதீர்கள். குழுக் கடன் அவர் பெயரில் இருக்கிறது, தவணை தவறினால் கூட இருக்கும் பெண்களுக்கும் சிக்கல். அதனால் முதல் தவணை அங்கே போகட்டும். அடுத்த முறை வெள்ளி வாங்கப் போகும்போது வியாபாரியிடம் நேரில் பேசி, ஒவ்வொரு கூலியிலும் இவ்வளவு பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். தொழில் தெரிந்த ஆளை அவர் சுலபத்தில் விட்டுவிட மாட்டார். நண்பர்களுக்கு எப்போது தருவீர்கள் என்று தேதி சொல்லிவிடுங்கள். கூலிப் பணம் சில மாதம் மனைவியின் கணக்குக்கே வரட்டும். ஏஜென்ட் நம்பரையும் அந்த ஆப்பையும் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் ராத்திரியில் கை போனைத் தேடினால், தூக்கம் கெட்டால், ‘வாழ்ந்து என்ன’ என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.