வீட்டுக்கு அடியில் மூன்றடி: கேள்வி பதில்

(வட கரோலினாவில், வாங்கப்போகும் வீடுகளைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். கிரால் ஸ்பேஸ், அதாவது வீட்டுத் தரைக்கு அடியில் தவழ்ந்து போகிற இடம், பற்றி வந்த கேள்விகள் இவை.)

ராலே வாசகர்: வீட்டுத் தரைக்குக் கீழே தவழ்ந்து போகிற மாதிரி ஓர் இடம் இருக்கிறது. எதற்கு?

மரத்தரை மண்ணைத் தொடாமல் இருக்கத்தான். சாதாரண மரச் சட்டத்துக்கும் மண்ணுக்கும் 18 அங்குலமாவது இடைவெளி வேண்டும். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், வயர், ஏசி டக்ட் (குளிர்காற்றுக் குழாய்) எல்லாம் அதில்தான் ஓடும். ஒழுகினால் தரையை உடைக்காமல் சரி செய்யலாம். முதலில் ஒன்று பாருங்கள்: துணி டிரையரின் குழாய் அங்கேயே ஈரக் காற்றை விடுகிறதா? வீட்டுக்கு வெளியே போக வேண்டும்.

சார்லட் வாசகி: கொலு பொம்மைகளை அங்கே வைக்கலாமா?

வேண்டாம். காகிதக்கூழ் பொம்மை ஊறிவிடும். அட்டைப்பெட்டி கரையானுக்கு விருந்து.

அட்லாண்டா வாசகர்: கோடையில் அஸ்திவாரச் சுவரில் இருக்கும் காற்றுத் துவாரங்களைத் திறந்து வைத்தால் ஈரம் போய்விடும்தானே?

கட்டட விதியும் வெகுநாள் அப்படித்தான் சொன்னது: 150 சதுர அடித் தரைக்கு 1 சதுர அடி துவாரம். ஆனால் ஜூலையில் இந்தப் பக்கத்துக் காற்றே ஈரம். ஏசி டக்ட்டில் பட்டதும், ஐஸ் போட்ட மோர்ச் செம்பு மாதிரி வியர்க்கும். போன ஆகஸ்டில் ஒரு வீட்டுக்கு அடியில் போனேன். தரைக்கு அடியில் வைத்த வெப்பத் தடுப்புப் பஞ்சு நனைந்து தொங்கி என் முதுகில் உரசியது. மரத்தில் ஈரம் அளக்கும் மீட்டரைக் குத்தினால் 24 சதவீதம். 20 தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். துவாரங்கள் அத்தனையும் திறந்துதான் இருந்தன.

அட்லாண்டா, மறுபடியும்: காற்றோட்டம் இல்லாத வீடு வீடே இல்லை என்பார் எங்கள் தாத்தா.

தாத்தா சொன்னது சரி. அவர் வீட்டில் ஏசி இல்லை; உள்ளும் வெளியும் ஒரே சூடு. இங்கே மண்ணை 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் 6 பங்கு) கனமுள்ள பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். துவாரத்தை அடைத்தால் டீஹியூமிடிஃபையரும் (காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் கருவி) வையுங்கள். வெறுமனே அடைப்பது இன்னும் மோசம். டிரையர் குழாய், மறக்காதீர்கள்.

அட்லாண்டா, மூன்றாம் முறை: அப்போ விதி தப்பா?

விதியே மாறிவிட்டது ஐயா, மூடிய கிரால் ஸ்பேஸுக்கும் அனுமதி உண்டு. ஜூலையில் என்னோடு ஒருமுறை தவழ்ந்து வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

டல்லஸ் வாசகர்: எங்கள் வீட்டில் அப்படி இடமே இல்லையே?

உங்களுடையது ஸ்லாப், மண்மேலேயே போட்ட கான்கிரீட் தளம். களிமண் சுருங்கி அது விரிசல் விடுவது வேறு தலைவலி.

கேரி வாசகி: அஸ்திவாரச் சுவரில் பென்சில் கனத்தில் மண் கோடு ஏறுகிறது.

கரையான் பாதை. இன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொருவர்: அரிசி மூட்டை வைக்கலாமா?

கொலு பதிலைப் படியுங்கள்.

இன்னொருவர்: பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைத்தால்?

டிரையர் குழாயைப் பார்த்தீர்களா?